இருப்பது ஒரு குப்பி

கண்ணாடிக் குழாயில் இருந்த நீல மருந்து அடுப்பனலில் கொதித்து முதலில் பச்சையானது. ஜான் பீ மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். பச்சையோடு நிற்கட்டும் அல்லாவே, பச்சையோடு நிற்கட்டும். நிற்கவில்லை. மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் செங்கல்லைக் கரைத்து ஊற்றியதுபோல ஆகி அடியில் படிந்தது. நேற்றும் இதே செங்கல்தான்.

குழாயில் இருந்தது அவள் மகள் குல்ஷனின் சிறுநீர். நீல மருந்தில் அதைச் சில சொட்டு விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சை என்றால் சமாளிக்கலாம், செங்கல் நிறம் என்றால் உடம்பு முழுக்கச் சர்க்கரை. இதை ஜான் பீக்குச் சொல்லிக்கொடுத்தது பாப்பாரப்பட்டி தாண்டி ரோட்டோரமாகக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் டிஸ்பென்சரி.

சர்க்கரை வியாதி என்றால் மண்டி வைத்திருக்கும் பெரிய மனிதர்களுக்குத் தொப்பையோடு சேர்ந்து வருவது என்றுதான் பாலக்கோட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பதினோரு வயதுப் பெண்ணுக்கு, அதுவும் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற பெண்ணுக்கு அது வரும் என்று யார் கண்டது? வந்துவிட்டது. தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட்டால் குல்ஷன் மற்றப் பிள்ளைகளைப்போல ஓடுவாள், சண்டை போடுவாள். போடாவிட்டால் பிழைக்க மாட்டாள். டிஸ்பென்சரியின் சிஸ்டர் லூர்து இதை நெஞ்சில் அடித்தாற்போல நேராகவே சொல்லியிருந்தாள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் சேலத்திலிருந்து வரவழைக்க வேண்டும் என்பார்கள். விலையையும் சொல்வார்கள். ஜான் பீயின் கணவன் ஜமீர் தக்காளி லாரியில் லோடு ஏற்றி இறக்குகிறவன். அந்த விலையை ஒரு தடவை கேட்டுவிட்டு வந்தவன் மறுபடி அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. டிஸ்பென்சரியில் மட்டும் இலவசம். ஏதோ ஒரு தேசத்தில் முகம் தெரியாத யாரோ அனுப்புகிற மருந்து. ஒவ்வொரு தடவையும் வேறு லேபிள், வேறு மூடி, வேறு எழுத்து. உள்ளே மட்டும் பால் கலந்த தண்ணீர்போல வெண்மையாக இருக்கும்.

மருந்து வெயிலில் கெட்டுவிடும். அதனால் மண்பானையில் ஈரமணல் போட்டு, நடுவில் குப்பியைத் துணியில் சுற்றி வைக்கச் சிஸ்டர் பழக்கியிருந்தாள். அது நன்றாகத்தான் நடந்து வந்தது. இந்தக் கோடையில் தெருக்குழாய் வறண்டது. குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது மணலுக்கு எங்கே ஊற்றுவது? ஜமீரின் சிநேகிதன் காசிம்தான் கைகொடுத்தான். கடைத்தெருவில் சோடா கலர் கடை வைத்திருப்பவன், ஜான் பீயை அண்ணி முறையில் பாபி என்று கூப்பிடுகிறவன். கடையில் பிரிட்ஜ் இருந்தது. ‘இதுக்கா கவலைப்படறீங்க பாபி, என் பொட்டியில வெச்சிக்கோங்க’ என்றான். குல்ஷன் காலையில் போய்க் குப்பியை வாங்கி வருவாள், ஊசி போட்டதும் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள்.

அந்தப் போக்குவரத்தின் மேல்தான் இப்போது ஜான் பீக்குச் சந்தேகம். ரமலான் மாதம். நோன்பு திறக்க வருகிறவர்களுக்காகக் காசிம் கடையில் பாட்டில் பாட்டிலாகச் சர்பத் கலந்து வைத்திருந்தான். ஊசி தவறாமல் போடுகிறாள். சோறு அளந்து போடுகிறாள். அப்படியும் சர்க்கரை ஏறுகிறது என்றால் பெண் எங்கேயோ திருட்டுத்தனமாகக் குடிக்கிறாள். வேறு எப்படி ஏறும்?

நேற்றே அடித்துவிட்டாள். குல்ஷன் அழுதுகொண்டே ‘குடிக்கலம்மா’ என்றாள். அந்தப் பொய்க்கு இன்னொரு அடி விழுந்தது. இரவுச் சோற்றைப் பாதியாகக் குறைத்தாள். தண்ணீரைக் குறைக்க முடியவில்லை. பெண் சொம்பு சொம்பாகக் குடித்தாள், குடித்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள், வந்து மறுபடியும் குடித்தாள். “தெருவே நோன்பு வெச்சிருக்குதுன்னு இவ ஒருத்தி எல்லாருக்கும் சேத்துக் குடிக்கறா” என்று பக்கத்து வீட்டு ஷரீபுன்னிசா சிரித்தாள். ஜான் பீக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்ணின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை.

இன்றைக்குக் குல்ஷன் எழுந்ததும் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துவிடக் குனிந்தபோது ஜான் பீயின் மூக்கில் அந்த வாசனை ஏறியது. கனிந்து அழுகப்போகிற பழத்தின் வாசனை.

“எசன்ஸ் வாசனை அடிக்குது. இன்னமும் பொய் சொல்லுவியா? எப்போடி குடிச்சே?”

“குடிக்கலம்மா. சத்தியமா இல்லம்மா.”

“நோன்பு மாசத்துல சத்தியம் வேறயா?”

அடிக்க ஓங்கிய கையைப் பெண்ணின் முகத்தைப் பார்த்துத் தாழ்த்திக்கொண்டாள். அடிவாங்கக்கூடத் தெம்பில்லாத முகம். ஷரீபுன்னிசாவைக் கூப்பிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகக் கடைத்தெருவுக்கு நடந்தாள்.

காசிம் கடையைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். கோபம் வந்தால் ஜான் பீக்கு வீட்டில் பேசுகிற உருதுதான் வரும். கடைத்தெரு முழுக்கக் கேட்கட்டும் என்று அன்றைக்குத் தமிழிலேயே ஆரம்பித்தாள்.

“ஏன் பாய், என் பொண்ணைக் கொல்லப் பாக்கறியா? அதுக்குச் சர்பத் குடுக்கறியா இல்லியா?”

காசிம் கையிலிருந்த சொம்பு நழுவியது. “பாபி, என்ன பேசறீங்க? நோன்பு வாயோட சொல்றேன், அந்தப் புள்ளைக்கு ஒரு சொட்டு குடுத்ததில்ல. ஒருநாள் கேட்டுச்சு. தண்ணிதான் குடுத்தேன். அது மேல எனக்கு அக்கறை இல்லீங்களா?”

“அக்கறையாம் அக்கறை!”

“வாங்க, வந்து பாருங்க. உங்க மருந்தை நான் எப்புடி வெச்சிருக்கேன்னு பாத்துட்டு அப்புறம் பேசுங்க.” அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. அவளைக் கடைக்குள் கூட்டிப்போய் பிரிட்ஜைத் திறந்தான். சர்பத் பாட்டில்கள் நின்ற தட்டில் அவள் கண் குப்பியைத் தேடியது. அங்கே இல்லை. காசிம் மேலே இருந்த சின்னக் கதவைத் திறந்து, பனிக்கட்டிக்குள் விரலை விட்டு நோண்டி, குப்பியைப் பெயர்த்து எடுத்தான். அதன்மேல் உப்புப் பூத்தாற்போல வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது.

“கரண்ட் கட் ஆரம்பிச்சதுல இருந்து ஐஸுக்குள்ளயே பொதைச்சு வெச்சிடறேன். பாப்பா எடுத்துட்டுப் போற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வெளிய எடுத்து இளக விடுவேன். கரண்டு போனாலும் இது கெடாது பாபி. என் பெத்த மவளுக்குன்னாகூட இவ்வளவு பாத்திருக்க மாட்டேன்.”

ஜான் பீ குப்பியை வாங்கினாள். உள்ளே மருந்து கல்லாக இருந்தது. உள்ளங்கைச் சூட்டில் ஓரம் இளகியபோது அதில் திரிந்த பாலைப்போலச் சின்னச் சின்னத் திப்பிகள் மிதந்தன. இந்தத் திப்பிகளை அவள் முன்பே பார்த்திருந்தாள். புதுச் சரக்கு இப்படித்தான்போல என்று நினைத்து, நன்றாகக் குலுக்கிப் போட்டிருந்தாள்.

கரண்ட் கட் எப்போது ஆரம்பித்தது? நோன்பு பிறந்த வாரம். குழாயில் செங்கல் நிறம் எப்போது ஆரம்பித்தது? அதே வாரம்.

அவளுக்கு டாக்டர் படிப்பெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அப்படியே சோடா பெட்டிமேல் உட்கார்ந்தாள். காசிம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “குளுருதானே வேணும்னீங்க பாபி? குளுருதானே சொன்னீங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவனிடம் அப்படிச் சொன்னது அவளேதான்.

வீட்டுக்கு ஓடினாள். குல்ஷன் பாயில் கிடந்தாள். மூச்சு, மலையேறி வந்தவளுடையதுபோல ஆழமாக, வேகமாக இழுத்தது. ஜமீர் லோடோடு பெங்களூர் போயிருந்தான். அவன் வருகிறவரை காத்திருப்பதாவது! பெண்ணைத் தோளில் சாத்திக்கொண்டு, அந்தக் குப்பியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் ஒவ்வொரு புளியமரத்தடியிலும் நின்றது. ஒருவன் தக்காளிக் கூடையை மேலே ஏற்றினான், இன்னொருவன் கோழியோடு இறங்கி, மறந்துவிட்ட குடைக்காக மறுபடியும் ஏறினான். அவர்கள் எல்லோரையும் அவள் மனதுக்குள் சபித்தாள்.

“அம்மா” என்றாள் குல்ஷன், கண்ணைத் திறக்காமல். “நான் குடிக்கல.”

“தெரியும்டா கண்ணு. தெரியும். நீ பேசாதே.”

அடித்த கையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதே கையால்தான் பெண்ணின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். இறங்குவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால், பெண் கடைசியாக வாங்கியது தன்னுடைய அடியாக இருக்குமே என்ற நினைப்பு வந்தபோது, பஸ்ஸில் எல்லோரும் பார்க்க வாய்விட்டு அழுதாள்.

சிஸ்டர் லூர்து குல்ஷனின் வாயருகே குனிந்ததுமே அவள் முகம் மாறிவிட்டது. “எத்தனை நாளா இந்த வாசனை?”

“இன்னிக்குத்தாங்க சிஸ்டர். நான் சர்பத்துன்னு நெனச்சேன்.”

“சர்பத்தா? ரத்தம் கெட்டுப்போற வாசனைம்மா இது! மருந்து ஒழுங்கா போட்டீங்களா?”

ஜான் பீ குப்பியை நீட்டினாள். சோடா கடை, பிரிட்ஜ், ஐஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். சிஸ்டர் குப்பியை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தாள். “இது செத்துப்போச்சு. ஒறைஞ்சிட்டா அவ்வளவுதான். இத்தனை நாளா புள்ளைக்குத் தண்ணியைக் குத்தியிருக்கீங்க.”

“ஒறையக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே சிஸ்டர்.”

சிஸ்டரின் கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துபோனது. “சொல்லல. இங்க வர்ற யார் வூட்டுல ஐஸ் இருக்குது, சொல்றதுக்கு?”

பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற பிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு குப்பி இருந்தது. அதில் ஒட்டியிருந்த பிளாஸ்திரித் துண்டில் ஏதோ எழுதியிருந்தது. சிஸ்டர் அதைக் கையில் எடுத்து, எழுத்தைப் பார்த்து, குல்ஷனைப் பார்த்தாள். பிறகு மூடியில் ஊசியைக் குத்தினாள்.

அன்று பகல் முழுக்கச் சிஸ்டர் நகரவில்லை. ஊசி, உப்புத் தண்ணீர், மறுபடியும் ஊசி, அடுப்பில் கண்ணாடிக் குழாய். செங்கல், செங்கல், மறுபடியும் செங்கல். ஜான் பீ நிறத்தைப் பார்க்கவும் பயந்தாள், பார்க்காமல் இருக்கவும் பயந்தாள். மக்ரிப் தொழுகை நேரத்தில் சிஸ்டரே ஒரு டம்ளர் கஞ்சியைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, “நோன்பைத் தொறங்க” என்றபோதுதான் பொழுது சாய்ந்தது தெரிந்தது. இரவு அங்கேயே தங்கினார்கள். காலையில் குழாய் ஆரஞ்சைத் தாண்டவில்லை. உச்சிவேளையில் மஞ்சளோடு நின்றது. குல்ஷன் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு ஜான் பீ சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

“வூட்டுக்குப் போலாம்” என்றாள் சிஸ்டர். “ஆனா ஒருநாள்கூட ஊசி விடக்கூடாது. இந்தக் குப்பியை எடுத்துட்டுப் போங்க. மருந்துப் பார்சல் மெட்ராஸ் துறைமுகத்துல நிக்குது. எப்ப விடுவாங்கன்னு தெரியல.”

“இதுல யாரு பேருங்க எழுதியிருக்குது?”

“முனிராஜ். ஒகேனக்கல் பக்கம் பரிசல்காரர் பையன். தீர்த்தம்மாளோட மவன். பாத்திருப்பீங்களே.” சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள். “போன வாரமே வந்திருக்கணும். அவங்ககிட்ட இருந்தது தீந்திருக்கும். வரல.”

பார்த்திருக்கிறாள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பானையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அந்தப் பையனும் குல்ஷனும் யாருக்கு ஊசி வலிக்காது என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள். மருந்து தீர்ந்த பிறகும் வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று சிஸ்டர் சொல்லவில்லை, ஜான் பீயும் கேட்கவில்லை. அவர்கள் வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கவில்லை. கேட்டால் சிஸ்டர் யோசிப்பாள். யோசித்தால் குப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டாலும் வாங்கிக்கொள்வாள்.

ஈரத்துணியில் சுற்றிய குப்பியைச் சிஸ்டர் கொடுத்த பித்தளைத் தூக்கில் வைத்து மூடிக்கொண்டு ஜான் பீ ரோட்டுக்கு வந்தாள். இனி அந்தப் பையன் வராமலே இருந்துவிட்டால் என்ற நினைப்பு தானாக எழுந்தது. அது என்ன நினைப்பு என்று புரிந்ததும் தவ்பா, தவ்பா என்று பாவமன்னிப்புக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் தூக்கைப் பிடித்த பிடி தளரவில்லை.

பென்னாகரத்திலிருந்து பாலக்கோடு போகிற பஸ் வந்து நின்றது. முன்வாசல் வழியாகக் குல்ஷனை ஏற்றிவிட்டுத் தானும் படியில் கால் வைத்தாள். அப்போது பின்வாசலில் ஒரு பானை இறங்கியது. ஈரச்சாக்கு சுற்றிய மண்பானை. அதை இடுப்பில் வைத்திருந்தவள் தீர்த்தம்மாள். இன்னொரு கையில் பையனைப் பிடித்திருந்தாள். சட்டையைக் கம்பில் மாட்டிவிட்டதுபோல இருந்தான் முனிராஜ். கண் மட்டும் பெரிதாக இருந்தது.

“ஜான் பீக்கா!” தீர்த்தம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். “நல்லவேளை உங்களப் பாத்தேன். சிஸ்டர் இருக்காங்களா? மருந்து இருக்குதுங்களா? போன தடவையே இருப்பு கம்மின்னு சொன்னாங்க. தீந்துடுமேன்னு பயந்துக்கிட்டு பாதிப் பாதியா குத்தினேன்க்கா. இழுத்து இழுத்துப் பாத்தேன். நேத்தோட சுத்தமா முடிஞ்சிபோச்சு. புள்ள நடக்க மாட்டேங்கறான். இருக்குதுங்களாக்கா?”

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தான். “ஏறும்மா, ஏறு. உனக்கோசரம் வண்டிய நிறுத்திவெச்சிக்கவா?”

ஏறிவிடலாம். ஏறிவிட்டால் பஸ் போய்விடும். தீர்த்தம்மாள் உள்ளே போய் சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். தன் பிள்ளையைக் காப்பாற்றுவது என்ன பாவமா? திருட்டா? திருட்டு என்ற சொல் வந்ததும் ஜான் பீ மேலே பார்த்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி குல்ஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் முந்தாநாள் அடியின் தடம் இன்னும் லேசாகத் தெரிந்தது. குடிக்காத சர்பத்துக்குத் திருடி என்று பெயர் வாங்கிய பிள்ளை.

“இருக்குது” என்றாள் ஜான் பீ. “ஒண்ணுதான் இருக்குது. எங்கிட்ட இருக்குது.”

படியிலிருந்து காலை எடுத்தாள். “இறங்குடீ குல்ஷன்.”

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. தீர்த்தம்மாளுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அவள் அழவும் இல்லை, கையைப் பிடிக்கவும் இல்லை. ஜான் பீயின் தூக்கை மட்டும் பார்த்தபடி பக்கத்திலேயே நடந்து வந்தாள், அது எங்கேயும் போய்விடக்கூடாது என்பதுபோல.

நான்கு பேரும் திரும்பி வந்து நின்றதைப் பார்த்துச் சிஸ்டர் லூர்து வெளிறிப்போய் நின்றாள். பிறகு முனிராஜின் வாயருகே குனிந்து பார்த்துவிட்டு, அவனுக்கு முதல் ஊசியைப் போட்டாள். ஒரு காலிக் குப்பியையும் சிரிஞ்சையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தாள். ஆறியதும் மருந்தில் பாதியை உறிஞ்சிக் காலிக் குப்பிக்கு மாற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. இரண்டு தாய்மார்களும் மூச்சுவிடாமல் அந்த ஊசியைப் பார்த்தார்கள்.

“பார்சல் வர்ற வரைக்கும் இதை வெச்சு ஓட்டுங்க. வரலன்னா மெட்ராஸுக்கு நானே போறேன். வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல” என்று சொல்லிவிட்டுச் சிஸ்டர் இரண்டு குப்பிகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

யாரும் கை நீட்டவில்லை. பெஞ்சில் பிள்ளைகள் இரண்டு பேரும் தோளில் தோள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பந்தயம் கட்டத் தெம்பில்லை.

“எடுங்கக்கா” என்றாள் தீர்த்தம்மாள். “நீங்க திரும்பி வரலன்னா எனக்கு இதுகூட இல்ல. நீங்களே மொதல்ல எடுங்க.”

ஜான் பீயின் கண் தானாக அளந்தது. எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் இரண்டும் ஒன்றுபோல நிற்குமா? ஜன்னல் பக்கம் இருந்த குப்பியில் மருந்து ஒரு மயிரிழை மேலே நின்றது. அந்த வித்தியாசமே ஒருநாள் ஊசிக்கு ஆகும். பஸ்ஸிலிருந்து இறங்கினவள்தான் இவள். இறங்கினதே போதாதா என்று உள்ளே ஒன்று சொன்னது. ஜன்னல் பக்கத்துக் குப்பியை எடுத்து ஈரத்துணியில் சுற்றினாள்.

தீர்த்தம்மாளும் அதைப் பார்த்தாள். மீதிக் குப்பியை எடுத்துப் பானை மணலுக்குள் புதைத்தாள்.